ராஸ்பெரி பைக்கு நிலையான முகவரி: ரௌட்டரிலா, கருவியிலா?

ராஸ்பெரி பை என்ற சிறு கணினியை வீட்டில் கோப்புச் சேமிப்பகமாகவோ விளம்பரத் தடுப்பானாகவோ ஓட்டுபவர்களுக்கு, அதன் ஐபி முகவரி மாறிக்கொண்டே இருந்தால் சரிப்படாது. முகவரியை ரௌட்டரில் ஒதுக்கலாம். கருவியிலேயே எழுதியும் வைக்கலாம்.

என் ஓட்டு ரௌட்டருக்கே. கருவியின் மேக் முகவரியைக் (பிணைய வன்பொருளின் அடையாள எண்) கொடுத்து 192.168.1.50 என்று ஒதுக்கிவிட்டால் வேலை முடிந்தது. எஸ்டி கார்டு கெட்டுப்போய் (அது கெடத்தான் செய்யும்) இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றினாலும் அதே முகவரிதான் கிடைக்கும். ஆனால் ஈதர்நெட்டுக்கும் வைஃபைக்கும் மேக் முகவரி வேறு வேறு. கேபிளைக் கழற்றி வைஃபைக்கு மாறினால் பழைய ஒதுக்கீடு செல்லாது.

கருவியில் எழுதுவதில் தொல்லை அதிகம். பழைய குறிப்புகள் டிஎச்சிபிசிடி (முன்பு முகவரியைக் கவனித்துவந்த நிரல்) அமைப்புக் கோப்பைத் திருத்தச் சொல்கின்றன. 2023 அக்டோபரில் வந்த ராஸ்பெரி பை இயங்குதளத்தின் புக்வோர்ம் பதிப்பிலிருந்து நெட்வொர்க் மேனேஜர் என்ற நிரல்தான் பொறுப்பில் இருக்கிறது. அது அந்தக் கோப்பைச் சீந்துவதே இல்லை. முனையத்தில் ‘என்எம்டியூஐ’ கட்டளையைக் கொடுத்து 192.168.1.50/24 என்ற முகவரி (/24 பிணையத்தின் அளவைக் குறிக்கும்), கேட்வே (ரௌட்டரின் முகவரி), டிஎன்எஸ் (தளப் பெயர்களை ஐபி முகவரியாக மாற்றித்தரும் சேவையகம்) மூன்றையும் நிரப்ப வேண்டும். ரௌட்டர் தானாக வழங்கும் வரம்புக்குள் உள்ள எண்ணைத் தேர்ந்தெடுத்தால், அதே எண் ஒரு கைபேசிக்கும் போய் இரண்டும் மோதிக்கொள்ளக்கூடும்.

ரௌட்டரே இல்லாமல் மடிக்கணினியோடு நேரடியாகக் கேபிளில் இணைப்பவர்களுக்கு மட்டும் இரண்டாவது வழியைத் தயங்காமல் சொல்வேன்.