பருத்தியில் பூச்சிமருந்துச் சோதனை: பல பருவங்கள் பார்த்த பிறகு

பருத்தியில் பாத்தி பிரித்து மருந்துகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைப் பல பருவங்களாகச் செய்துவருகிறேன். மருந்து அடித்த மறுநாளே வயலில் போய் நின்று "கேட்டுச்சு", "கேக்கல" என்று முடிவுகட்டும் பழக்கத்தில் எனக்கு உடன்பாடே இல்லை.

புளோனிகமிட் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து பட்ட சில மணி நேரத்தில் அசுவினி சாறு உறிஞ்சுவதை நிறுத்திவிடும். ஆனாலும் இலையடியில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்; பட்டினி கிடந்து சாகச் சில நாள் ஆகும். பைரிப்ராக்சிபென் என்ற இன்னொரு மருந்து வளர்ந்த வெள்ளை ஈயைக் கொல்லவே கொல்லாது. முட்டை பொரியாமலும் குஞ்சு ஈயாக மாறாமலும் தடுப்பதுதான் அதன் வேலை. மறுநாள் செடியைத் தட்டினால் ஈ பறக்கத்தான் செய்யும். இந்த இரண்டையும் அவசரக் கணக்கில் ஒதுக்கிவிடுவது பெரிய இழப்பு. அடிப்பதற்கு முந்தைய நாள் ஒரு கணக்கு, பிறகு 3, 7, 14ஆம் நாள்களில் கணக்கு என்பதுதான் என் முறை.

செடிக்கு மேல், நடு, அடி என்று மூன்று இலை பார்க்கிறேன். வளர்ந்த வெள்ளை ஈ கொழுந்துப் பக்கம் இருக்கும்; செதில் மாதிரி ஒட்டிய குஞ்சுகள் கீழ் இலைகளில்தான் கிடைக்கும். வெயில் ஏறுவதற்குள் எண்ணிவிட வேண்டும். இலையை இரண்டு விரலால் காம்போடு பிடித்து மெல்லத் திருப்புங்கள், வெடுக்கென்று திருப்பினால் எண்ண ஒன்றும் மிஞ்சாது. தத்துப்பூச்சிக் குஞ்சு நண்டு போலப் பக்கவாட்டில் ஓடும், அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

மருந்தே அடிக்காத பாத்தி ஒன்று கட்டாயம் வேண்டும். மருந்தடித்த பாத்தியில் இலைக்கு 20 பூச்சி 5 ஆகக் குறைந்தால் 75 சதவீதம் என்று தோன்றும். அதே நாள்களில் மழை பெய்து, அடிக்காத பாத்தியிலும் 20 பூச்சி 10 ஆகியிருந்தால், மருந்தில்லாமலே 10 ஆகியிருக்க வேண்டியது 5 ஆகியிருக்கிறது; மருந்தின் உண்மையான பலன் 50 சதவீதம்தான். 1955இல் வந்த ஹெண்டர்சன்–டில்டன் சூத்திரம் செய்வது இந்தத் திருத்தத்தைத்தான். பூச்சிமருந்தில் விதைநேர்த்தி செய்த விதை என்றால் ஆரம்பகாலத்தில் வரும் சாறு உறிஞ்சும் பூச்சிகளின் கணக்கும் குழம்பிவிடும். எல்லாப் பாத்திக்கும் ஒரே விதை இருக்கட்டும்.

பொறிவண்டு, சிலந்தி, கண்ணாடி இறக்கைப் பூச்சி ஆகியவற்றையும் தனிப் பத்தியில் குறித்துவைப்பேன். சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டுகள் கண்ணெதிரே பூச்சியைக் கீழே தள்ளும். கூடவே, வெள்ளை ஈயைத் தின்னும் இந்த நன்மை செய்யும் பூச்சிகளும் போய்விடுவதால், பின்னால் வெள்ளை ஈ பெருகுகிறது. அதனால் சாறு உறிஞ்சிகளுக்கு நான் பைரித்ராய்டுகளைப் பரிந்துரைப்பதே இல்லை.

இமிடாகுளோப்ரிட் அடித்துவிட்டு, அடுத்த முறை தயமீத்தாக்சம் அடித்தால் மருந்து மாற்றியதாக ஆகாது. இரண்டும் பூச்சியை ஒரே விதத்தில் தாக்கும் 4ஏ பிரிவு; ஒன்றுக்குப் பழகிய பூச்சி மற்றதையும் தாங்கிவிடலாம். பெயரைப் பார்க்காமல் பிரிவு எண்ணைப் பார்த்து மாற்றுங்கள்.

இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு இந்த இலைக்கணக்கு எதுவும் உதவாது. முட்டையிலிருந்து வந்த புழு சீக்கிரமே காய்க்குள் புகுந்துவிடும், அதன்பின் தெளிப்பு அதை எட்டாது. வெளியே பழுது தெரியாத பச்சைக் காய்களைப் பாத்திவாரியாகப் பறித்து, உடைத்து, உள்ளே புழு இருக்கிறதா என்று பார்த்துத்தான் எழுதுகிறேன்.