உண்ணிச்செடி: வெட்டுவதா, பூச்சியிடம் விடுவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் வேலியோரம் பூத்திருக்கும் உண்ணிச்செடி பார்க்க அழகுதான். ஆனால் மத்திய, தென் அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டு, தோட்ட அலங்காரத்துக்காக இங்கே வந்த இது, டர்பன் ஓடைச் சரிவுகளில் வேறெதையும் வளரவிடுவதில்லை. மாடு தின்றால் ஈரல் கெடும்.

வெட்டினால் பலன் அன்றே தெரியும். ஆனால் சும்மா வெட்டிவிட்டுப் போனால் அடிக்கட்டை துளிர்த்துவிடும். வேரோடு பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் வெட்டிய கையோடு கட்டையில் களைக்கொல்லி பூச வேண்டும். அப்புறம் பறவை போட்ட விதை முளைக்கும். அதையும் விடாமல் பிடுங்க வேண்டும்.

செடியைத் தாக்கும் பூச்சியை விட்டு அதை அடக்கும் வழி இங்கே பழையது. 1913இல் ஒரு சப்பாத்திக்கள்ளி இனத்தின்மீது விட்ட காச்சினீல் பூச்சி அதை அடக்கியே விட்டது. உண்ணிச்செடியிடம் அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. இது தோட்டக்காரர்கள் கலந்து கலந்து உருவாக்கிய செடி. ஒரு ரகத்தை விரும்பும் பூச்சி அடுத்த ரகத்தைச் சீண்டாது. 1961இல் விட்ட சாறுறிஞ்சிப் பூச்சி பூப்பதைக் குறைக்கிறது, செடியை ஒழிப்பதில்லை.

"நம் பயிரைத் தின்னாதா?" என்று பெரியவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. உகாண்டாவில் இதே சாறுறிஞ்சிப் பூச்சி எள்ளையும் தாக்கியது. அதனால்தான் இன்று புதுப் பூச்சியை அடைத்துவைத்துப் பல செடிகளில் சோதித்த பிறகே வெளியே விடுகிறார்கள்.

வீட்டுத் தோட்டம் என்றால் வெட்டிப் பிடுங்குங்கள், பூச்சிக்காகக் காத்திருக்காதீர்கள். ஆள் இறங்க முடியாத சரிவுகளுக்குப் பூச்சிதான் சரி, மெதுவாக வேலை செய்தாலும்.