நெஃப்ரைட்டா, ஜேடைட்டா?

ஜேட் என்ற ஒரே பெயரில் நெஃப்ரைட், ஜேடைட் என இரண்டு நகைக்கற்கள் விற்கின்றன. இரண்டும் வெவ்வேறு கனிமங்கள் என்று 1863-இல் பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சுக் கனிமவியலாளர் தமூர்.

சீனர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் செதுக்கியது நெஃப்ரைட். நியூசிலாந்தின் மாவோரிகள் ஹெய்-டிக்கி என்ற மனித உருவக் கழுத்துப் பதக்கம் செய்ததும் பெரும்பாலும் அதில்தான். பர்மாவின் ஜேடைட் சீனாவுக்குப் பெருமளவில் போனது 18-ஆம் நூற்றாண்டில். மத்திய அமெரிக்காவின் பண்டைய மாயர்களின் பச்சை முகமூடிகள் குவாத்தமாலா ஜேடைட்.

கீறலைத் தாங்கும் கடினத்தன்மையில் (1 முதல் 10 வரையிலான மோஸ் அளவுகோலில்) ஜேடைட் (6.5–7) சற்று மேல், நெஃப்ரைட் 6–6.5. ஆனால் நெஃப்ரைட்டின் நுண்ணிழைகள் பின்னிக் கிடப்பதால் தட்டினால் எளிதில் உடையாது. மெல்லிய செதுக்கலுக்கு என் ஓட்டு அதற்கே. கண்ணைப் பறிக்கும் மரகதப் பச்சை மோதிரம் வேண்டுமென்றால் ஜேடைட்தான். அந்த நிறம் குரோமியம் தருவது.

கண்ணால் பார்த்து முடிவு கட்ட வேண்டாம், எடை போடுங்கள். உலோகம் கலக்காத 40 கிராம் வளையலை மெல்லிய நூலில் தொங்கவிட்டு நீரில் முழுதும் மூழ்கடித்தால், நெஃப்ரைட் சுமார் 13.5 கிராம் குறையும், ஜேடைட் சுமார் 12. காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் குறைவு கூடுதலாகத் தெரியும். ஜேடைட்டை நெஃப்ரைட் என்று நம்பிவிடுவோம். ஈரத் தூரிகையால் குமிழைத் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

விலையுயர்ந்த ஜேடைட்டில் இன்னொரு வம்பு: அமிலத்தில் வெளுத்துப் பிசின் ஏற்றிய 'பி வகை'. நகையின் உலோகத்தைப் பற்றவைக்கும் சூட்டில் பிசின் கருகிவிடும். இதை எடை காட்டிக்கொடுக்காது. ஆய்வகத்தில் அகச்சிவப்பு நிறமாலைச் சோதனை செய்தாக வேண்டும்.