சான்செவீரியாவா, டிரசீனாவா?

கொழிஞ்சாம்பாறை நர்சரியில் நான் வாங்கிய ஸ்னேக் பிளான்ட் தொட்டியில் 'சான்செவீரியா டிரைஃபேசியேட்டா' என்று எழுதியிருந்தது. மேற்கு ஆப்பிரிக்கச் செடி. 1903இல் தாவரவியலாளர் பிரெய்ன் இட்ட பெயர். 2017இல் அது 'டிரசீனா டிரைஃபேசியேட்டா' ஆனது.

பழைய பெயரின் பலம் கண்ணுக்கு நேரே தெரிகிறது: வாள்போல் நிமிர்ந்த சதைப்பற்றுள்ள இலை, மண்ணைக் கிளறினால் ஆரஞ்சு நிறக் கிழங்கு. மரமாக வளரும் டிரசீனாவோடு இதற்கென்ன உறவு என்றுதான் தோன்றும். ஆனால் சான்செவீரியாக்கள் டிரசீனாக் கிளைக்குள்ளேயே பிறந்தவை என்கிறது மரபணு ஆய்வு. இரண்டில் மூத்த பெயர் டிரசீனா. தாவரப் பெயரிடல் விதிப்படி அதுவே நிற்கும். பூத்தபின் எனக்கும் ஐயம் தீர்ந்தது: மாலையில் விரியும் ஆறு மெல்லிய இதழ்கள், இரண்டிலும் ஒரே சாயல். சான்செவீரியாவாக இருந்த, நார் உரிக்கும் நம் மருள் செடியும் இப்போது டிரசீனாதான்.

என் தொட்டியில் புதிய பெயரை எழுதிவிட்டேன். நர்சரியில் கேட்கும்போது மட்டும் பழையதைச் சொல்கிறேன்.