நான்கு பக்கமா, ஒரு பக்கமா?

மட்டக்களப்பில் தட்டச்சுக் கடைக்குப் போய்ச் சுயவிபரக்கோவை கேட்டால் பெரும்பாலும் நான்கு பக்கத்தில் பழைய அச்சுத்தான் வரும்: தந்தை பெயர், மதம், அடையாள அட்டை இலக்கம், சாதாரண தரத்தின் 9 பாடப் பெறுபேறுகள், கடைசியில் ‘மேற்கூறியவை யாவும் உண்மை’ என்ற உறுதிமொழி. ‘யாருடைய பிள்ளை?’ என்று கேட்கும் நகரக் கடை முதலாளிக்கு இது போதும்.

பாசிக்குடாவின் சுற்றுலா விடுதிக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ அனுப்பினால் போதாது. அங்கே ஒரு பக்கமே என் தெரிவு. ‘விடுதியில் பணிபுரிந்தேன்’ என்பது பழைய பாணி. ‘24 அறைகளின் முன்பதிவைக் கவனித்தேன்; விருந்தினருடன் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேசினேன்’ என்று எழுதிப் பாருங்கள்; வாசிப்பவர் அந்த வரியில் நிற்பார். வந்தாறுமூலையின் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலின் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ இப்போதுதான் பட்டம் முடித்தவர், இறுதியாண்டு ஆய்வையும் கோயில் திருவிழாவுக்குக் கணக்கு எழுதியதையும் அதே விதமாகச் சொல்லலாம். சோம்பேறிகளுக்கு இது ஒத்துவராது, ஒவ்வொரு வேலைக்கும் மாற்றி எழுத வேண்டும்.

அரச வேலை என்றால் பெரும்பாலும் இரண்டும் வேண்டாம். வர்த்தமானியில் வந்த மாதிரிப் படிவத்தை அப்படியே நிரப்புங்கள்.