வழக்கா, தனிக்கட்சியா, கூட்டணியா?

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராயப்பேட்டையில் என் சீனியர் வீட்டு மொட்டை மாடியில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். கையில் இருந்தது எல்லோரும் போட்ட நாற்பதாயிரம் ரூபாயும் வரப்போகிற ஞாயிற்றுக்கிழமைகளும்தான். கஞ்சா சட்டம் மாற வேண்டும் என்பதில் ஏழு பேருக்கும் ஒரே எண்ணம். எந்தக் கதவைத் தட்டுவது என்பதில்தான் சண்டை. வழக்குப் போடலாம் என்றார்கள் மூன்று பேர். தனிக்கட்சியே தொடங்கிவிடலாம் என்றான் ஒருவன், பாதி விளையாட்டாக. இருக்கிற கட்சிகளின் தேர்தல் அறிக்கைக்குள் நுழையப் பார்ப்போம் என்றோம் நானும் இன்னும் இருவரும். கடைசியில் எங்கள் பேச்சே எடுபட்டது. ஆகவே இந்தத் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தராசு என்றால் எனக்கு நினைவு வருவது வேறொன்று. உயர் நீதிமன்ற வளாகத்தில் என்.டி.பி.எஸ். என்ற போதைப்பொருள் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கு ஜாமீன் மனு போட்டுப் பிழைப்பவள் நான். 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு. அதிகபட்சம் ஓராண்டு சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, குறைந்தது பத்தாண்டு. நடுவில் சிக்கியதற்குப் பத்தாண்டு வரை கொடுக்கலாம். என் கைக்கு வரும் கட்டுகளைப் புரட்டினால் 1 கிலோ 100 கிராம், 1 கிலோ 150 கிராம் என்றே திரும்பத் திரும்ப வரும். பொட்டலத்தில் காம்பு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று யாரும் பிரித்து நிறுத்திருக்க மாட்டார்கள். வியாசர்பாடிப் பையன் ஒருவனின் அம்மா, சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, என்னிடம் கேட்டது இது: "அந்த மிச்ச நூறு கிராமை எடுத்துட்டா விட்டுருவாங்களா வக்கீலம்மா?" காய்கறிக் கடையில் கேட்பது போலத்தான் கேட்டார். ஆனால் சட்டத்தை அவரைவிடச் சரியாகப் புரிந்துகொண்டவரை நான் பார்த்ததில்லை.

எங்கள் கோரிக்கையும் அந்த அளவுக்குத்தான். கடை திறக்கச் சொல்லவில்லை. டாஸ்மாக்கைப் பார்த்த கண்ணுக்கு இன்னொரு கடை வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவனைச் சிறைக்கு அனுப்பாதீர்கள், சிகிச்சைக்கு அனுப்புங்கள். மருத்துவத்துக்கும் நாருக்கும் பயிரிடுவதை மாநிலம் ஒழுங்குபடுத்தட்டும். இரண்டாவதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பத்தாவது பிரிவு மாநில அரசுக்கு விதி வகுக்கும் அதிகாரம் தருகிறது. முதலாவதற்கு நாடாளுமன்றம்தான் மனம் வைக்க வேண்டும்.

பொது வாக்கெடுப்பு என்ற நான்காவது வழியை அலச வேண்டியதில்லை. கொலராடோவும் வாஷிங்டனும் 2012-இல் அப்படித்தான் மாற்றின. நம் அரசியலமைப்பில் மக்கள் கையெழுத்துத் திரட்டி வாக்கெடுப்புக் கேட்கும் ஏற்பாடே கிடையாது. நியூசிலாந்தில் 2020-இல் வைத்தார்கள், 50.7 சதவீதம் பேர் வேண்டாம் என்று சொல்ல, விஷயம் அங்கேயே படுத்துவிட்டது.

தனிக்கட்சி. சொன்னவன் விளையாட்டாகச் சொன்னாலும் நான் விசாரித்துப் பார்த்தேன். தொடங்குவது ஒன்றும் கஷ்டமில்லை. வாக்காளர்களாக உள்ள 100 உறுப்பினர்கள், 10,000 ரூபாய் கட்டணம், கொஞ்சம் பிரமாணப் பத்திரங்கள். தேர்தல் ஆணையத்தில் பதிவாகிவிடும். அப்புறம்தான் செலவு. ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கு, நன்கொடை அறிக்கை. ஆறு ஆண்டுகளில் ஒரு தேர்தலிலாவது நிற்க வேண்டும். நிற்காத 334 கட்சிகளை 2025 ஆகஸ்டில் ஆணையம் பட்டியலிலிருந்து தூக்கியது. நின்றால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 10,000 ரூபாய் டெபாசிட்; ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் அதுவும் போகும்.

இதைச் செய்து பார்த்த ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மினசோட்டாவில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவதற்கென்றே ஒரு கட்சி இருந்தது. 2018-இல் ஒரு மாநிலப் பதவிக்கான தேர்தலில் 5 சதவீதத்தைத் தாண்டி, பெரிய கட்சிக்குரிய அங்கீகாரமும் வாங்கியது. அடுத்த தேர்தலில் நடந்தது நமக்குப் பழகிய கதை. இவர்கள் வேட்பாளர்கள், இதே கோரிக்கைக்கு ஆதரவாக இருந்த ஜனநாயகக் கட்சியின் ஓட்டைப் பிரிக்கிறார்கள் என்ற புகார். கடைசியில் சட்டத்தைக் கொண்டுவந்தது 2023-இல் அந்த ஜனநாயகக் கட்சிதான், மேலவையில் 34க்கு 32 என்ற ஓட்டில். அடுத்த வருடமே தனிக்கட்சி தன் அங்கீகாரத்தை இழந்தது. கேட்டது கிடைத்த பிறகு அந்தக் கட்சிக்கு என்ன வேலை? காவல் காக்க வேண்டிய நேரத்தில் காவலாளி வீட்டுக்குப் போய்விடுகிறான்.

வழக்கு என்பது என் சொந்தத் தொழில் என்பதால் அதன் மேல் எனக்கு ஆசை அதிகம். செலவு குறைவு, ஓட்டு வேண்டாம், யார் காலையும் பிடிக்க வேண்டாம். 2019-இலேயே டெல்லி உயர் நீதிமன்றத்தில் இதற்கு ஒரு பொதுநல மனு போனது. தென்னாப்பிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2018 செப்டம்பர் 18 அன்று, வயது வந்தவர் தன் வீட்டில் தனக்காக வளர்ப்பதும் பயன்படுத்துவதும் குற்றமில்லை என்று சொல்லி, சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு 24 மாத அவகாசம் கொடுத்தது. திருத்தம் கையெழுத்தானது 2024 மே மாதக் கடைசியில், பொதுத் தேர்தலுக்கு முந்தைய நாள். தீர்ப்புக்கும் சட்டத்துக்கும் நடுவே ஐந்தரை வருடத்துக்கு மேல் போய்விட்டது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நெடுஞ்சாலை மதுக்கடை வழக்கு நம் ஊர் வழக்கு, பா.ம.க.வின் வழக்கறிஞர் க. பாலு நடத்தியது. 2016 டிசம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்றது. தீர்ப்பு வந்த அன்று எங்கள் பக்கத்து அறையில் லட்டு கொடுத்தார்கள். மறுவருடம் மார்ச் 31-இல், 20,000 பேருக்குக் குறைவான ஊர்களில் 220 மீட்டர் போதும் என்று ஆனது. ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று ஆனது. அதாவது ஏழு மாதத்தில் 500 மீட்டர் கயிறு ஊர் ஊராக அவிழ்ந்தது. மாநிலங்களும் மதுக்கடை முதலாளிகளும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வக்கீல் வைத்தார்கள். எதிர்ப்பக்கம் அத்தனை வாய்தாவுக்கும் ஆள் நிறுத்த ஒரு கட்சி இருந்தும் நடந்தது இது. எங்கள் நாற்பதாயிரம் எத்தனை வாய்தாவுக்கு வரும்?

அன்று மாடியில் நான் பிடித்துக்கொண்டது இந்த ஒரு புள்ளியைத்தான். ஃபிளாட் வாங்குபவர்கள் விலையைத்தான் பேரம் பேசுவார்கள். மாதாமாதம் கட்டும் மெயின்டெனன்ஸ் பத்து வருடம் கழித்துத்தான் உறைக்கும். சட்டமும் அப்படித்தான். கொண்டுவந்துவிடலாம். அடுத்த ஆட்சி வந்து கைவைக்கும்போது குறுக்கே நிற்பது யார்?

கட்சி வழியிலும் இதற்கு இரண்டு விதமான பதில் உண்டு. தாய்லாந்து ஒன்று. பூம்ஜாய்தாய் கட்சி 2019 தேர்தலில் கஞ்சாவை முன்வைத்தே ஓட்டுக் கேட்டது, கூட்டணி அரசில் சேர்ந்தது, தலைவர் அனுதின் சார்ன்விரகுல் சுகாதார அமைச்சரானார். 2022 ஜூன் 9 முதல் கஞ்சா போதைப்பொருள் பட்டியலில் இல்லை. கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் பட்டியலிலிருந்து எடுத்தது அமைச்சகத்தின் அறிவிப்பு. அதை முறைப்படுத்தும் மசோதா நாடாளுமன்றத்தைத் தாண்டவே இல்லை. 2025 ஜூனில் அந்தக் கட்சி கூட்டணியை விட்டு வெளியேறியது. அதே மாதத்திலேயே வேறு கட்சியைச் சேர்ந்த சுகாதார அமைச்சர் கையெழுத்துப் போட்டு, மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றார். ஒரு பேனா கொடுத்ததை இன்னொரு பேனா எடுத்துக்கொண்டது. நடுவில் கடை போட்டவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

ஜெர்மனி இன்னொன்று. அங்கே மூன்று கட்சிக் கூட்டணி. சமூக ஜனநாயகக் கட்சி, பசுமைக் கட்சி, தாராளவாதக் கட்சி மூன்றும் ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்து, 2024 பிப்ரவரி 23-இல் 407க்கு 226 என்று நாடாளுமன்றத்தில் ஓட்டெடுத்து நிறைவேற்றின. ஏப்ரல் 1 முதல் வெளியே 25 கிராம், வீட்டில் 50 கிராம், மூன்று செடி. எதிர்க்கட்சியான கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி, ஆட்சிக்கு வந்தால் ரத்து என்றது. 2025-இல் வந்தது. ரத்து செய்யவில்லை, ஆய்வு நடத்துவோம் என்று எழுதிக்கொண்டதோடு நின்றது. காரணம் எளிது. ஆட்சி அமைக்க அவர்களுக்குக் கிடைத்த கூட்டாளி, அந்தச் சட்டத்துக்கு ஓட்டுப் போட்ட சமூக ஜனநாயகக் கட்சி. சட்டத்தில் கைநாட்டு வைத்தவர்கள் அடுத்த ஆட்சியிலும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

இதைத் தமிழ்நாட்டு ஆளுக்கு விளக்கவே வேண்டாம். தொகுதிப் பங்கீட்டைப் பேசிப் பேசியே வளர்ந்தவர்கள் நாம். சின்னக் கட்சி பெரிய கட்சியிடம் இரண்டு தொகுதி குறைத்து வாங்கிக்கொண்டு ஒரு வாக்குறுதியை உள்ளே சொருகுவது இங்கே தெரிந்த வித்தை.

கட்சி இல்லாமல் தனி எம்.பி.யைப் பிடித்தால் என்ன என்று சீனியர் கேட்டார். அதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஒடிசாவின் ததாகத சத்பதி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது வெளிப்படையாகவே இதற்குக் குரல் கொடுத்தார். 2019-இல் தீவிர அரசியலை விட்டார், குரலும் அவரோடு போனது. பாட்டியாலா உறுப்பினர் தரம்வீர் காந்தி 2016-இல் தனிநபர் மசோதா தயாரித்தார். 1970-க்குப் பிறகு தனிநபர் மசோதா எதுவும் சட்டமானதில்லை. ஆனாலும் விதை போட உதவும். 2014-இல் திருநங்கையர் உரிமைக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது; 2015 ஏப்ரல் 24-இல் தி.மு.க.வின் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. 2019-இல் அரசு தன் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தில் குறை உண்டு என்று திருநங்கையரே சொல்கிறார்கள், சரி. ஆனால் தீர்ப்பை அரசாங்கத்தின் மேசைவரை இழுத்துக்கொண்டு போக ஒரு கட்சிக்காரர் தேவைப்பட்டார்.

நான் மேலே போட்டதெல்லாம் என் பக்கத்துச் சாட்சி. குறுக்கு விசாரணையும் நடக்க வேண்டும் அல்லவா? கட்சிகளின் வாக்குறுதி என்ன ஆகும் என்பதற்கு மதுவிலக்கே போதும். 1971-இல் கருணாநிதி அரசு விலக்கைத் தளர்த்தியது, 1974-இல் அதே அரசு மூடியது, 1981-இல் எம்.ஜி.ஆர். திறந்தார். 2016 தேர்தலில் அ.தி.மு.க. படிப்படியாக மதுவிலக்கு என்றது, தி.மு.க.வும் மதுவிலக்கு என்றது. ஜெயலலிதா பதவியேற்ற அன்று 500 கடைகளை மூட உத்தரவிட்டார், மறுவருடம் எடப்பாடி பழனிசாமி இன்னொரு 500. மிச்சத்தைத் தெருமுனையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஓட்டுள்ள கோரிக்கைக்கே இந்தக் கதி என்றால், ஓட்டைக் கெடுக்கும் கோரிக்கைக்கு? 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' என்று காவல்துறை எண் போட்டு நடத்திய ஊர் இது. ஆளுங்கட்சி யாராக இருந்தாலும், 'மாநிலம் கஞ்சாக் காடாகிவிட்டது' என்பது எதிர்க்கட்சியின் முதல் வரி.

அதனால்தான் இமாசலப் பிரதேசம் எனக்குப் பிடித்தது. 2023-இல் அங்கே வருவாய்த் துறை அமைச்சர் ஜகத் சிங் நேகி தலைமையில் சட்டமன்றக் குழு அமைத்தார்கள், எதிர்க்கட்சி உறுப்பினர்களையும் சேர்த்து. மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் மட்டும் பயிரிடலாம் என்ற அந்தக் குழுவின் அறிக்கையை 2024 செப்டம்பரில் சட்டமன்றம் ஏற்றது. நாளைக்கு ஆட்சி மாறினாலும் 'நீதானே கொடுத்தாய்' என்று கைநீட்ட முடியாது. மலைச்சரிவில் அந்தச் செடி தானாக முளைக்கிற ஊர், நமக்கு அது பொருந்துமா என்று கேட்டால், முழுதாகப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். குழுவை அமைத்த விதம் பொருந்தும்.

ஆக, எங்கள் மனு நான்கு பக்கம். எல்லாக் கட்சிகளும் உள்ள சட்டமன்றக் குழு ஒன்று, அவ்வளவுதான் கேட்டது. ஒரே வாரத்தில் எதிரெதிர் அணியில் உள்ள மூன்று கட்சி அலுவலகங்களுக்குப் போனோம். மூன்று அலுவலகம் என்பது பெரிய அனுபவம் இல்லை, அதுவும் சென்னைக்குள். மாவட்டங்களில் எப்படிப் பார்ப்பார்கள் என்பதற்கு இதை அளவுகோலாக வைக்காதீர்கள்.

முதல் இடத்தில் வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவது இடத்தில் வேட்டி மடிப்புக் கலையாத ஒரு பெரியவர் தலைப்பைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார். "வக்கீலம்மா, உள்ள இருக்கிறது நியாயம்தான். ஆனா இந்தச் சொல்லோட இது மாடிக்குப் போகாது." 'மருத்துவச் சணல்' என்று போட்டால் ஆகுமா என்று கேட்டேன். "சணல்னா கோணிப்பை விவகாரம்னு விவசாய அணிக்குத் தள்ளிருவாங்க." அவரே பென்சில் எடுத்து, தலைப்பை அடித்து, 'சிறு குற்றவாளிகள் மறுவாழ்வு' என்று எழுதி, ஒரு மஞ்சள் கோப்பில் சொருகினார். டீ வரவழைத்தார்.

மூன்றாவது இடத்தில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட ஓர் இளைஞர் கேட்டது ஒரே கேள்வி: "அவங்ககிட்டயும் இதைக் கொடுத்தீங்களா?" கொடுத்தோம் என்றேன். "அவங்க வாங்கிக்கிட்டாங்களா?" வாங்கிக்கொண்டார்கள் என்றதும் தன் பிரதியில் தேதி போட்டு முத்திரை குத்தினார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே ரசீது அதுதான். வழக்குக் கேட்ட மூன்று பேரில் ஒருவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. தலைப்பை மாற்றச் சம்மதித்தது அவருக்குப் பொறுக்கவில்லை.

திங்கட்கிழமை ஒரு ஜாமீன் மனு இருக்கிறது, 1 கிலோ 120 கிராம். முடிந்ததும் மஞ்சள் கோப்பு மாடி ஏறிவிட்டதா என்று கேட்டுவரப் போகிறேன்.