டேபிள் சாவுக்கு மஞ்சள் புஷ் ஸ்டிக்கா, பிளைவுட் தள்ளுகட்டையா?

கிருஷ்ணகிரிப் பக்கம் சின்னப் பட்டறை, 10 இஞ்ச் பிளேடு போட்ட டேபிள் சா (மேஜை நடுவில் வட்ட பிளேடு சுழலும் ரம்பம்), அதில் ஓடுவது பெரும்பாலும் தோப்பில் வெட்டின மாமரமும் வேம்பும். மெஷினோடு வந்த மஞ்சள் பிளாஸ்டிக் புஷ் ஸ்டிக்கை வெகுநாள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், நீளவாக்கில் சட்டம் கிழிக்க அது பத்தாது.

அது பலகையைப் பின்னாலிருந்து தள்ளும், அவ்வளவுதான், மேலிருந்து அமுக்காது. பிளேடின் முன்பக்கப் பல் மரத்தை டேபிளோடு அழுத்தும், பின்பக்கப் பல் கீழிருந்து மேலே ஏறும், பலகை கொஞ்சம் கோணலாகத் திரும்பி அதில் பட்டால் தூக்கி நம்மைப் பார்த்தே வீசும். நிமிஷத்துக்கு 4000 சுற்று ஓடினால் பல் நுனியின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர், கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. அதனால்தான் பிளேடுக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கமாக விலகி நிற்பது.

இப்போது கையில் இருப்பது மிச்ச பிளைவுட்டில் அறுத்த தள்ளுகட்டை. ஓரடி நீளம், அடிப்பாகம் முழுக்கப் பலகை மேல் உட்காரும், பின்முனையில் 5 மில்லிமீட்டர் குதிகால் பலகையின் கடைசியைப் பிடித்துக்கொள்ளும், கைப்பிடி பிளேடை விட்டு நல்ல உயரத்தில். ஒல்லிச் சட்டம் கிழிக்கும்போது பிளேடு கட்டையையும் கொஞ்சம் தின்னும், தின்னட்டும், விரலுக்குப் பதில் அது போவதற்குத்தானே செய்தோம். ஆணி, ஸ்குரூ மட்டும் வேண்டாம், பசை போதும்.

ஆனால் கட்டை நன்றாக இருக்கிறதே என்று ரிவிங் நைஃபை, அதாவது பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடைக் கழற்றி வைப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. சரியாகக் காயாத மாம்பலகை அறுக்க அறுக்கவே முறுக்கிக்கொண்டு பிளேடைக் கவ்வும், அறுத்த இடைவெளியை மூடவிடாமல் பிடிப்பது அந்தத் தகடுதான். அது பிளேடின் உடலைவிடத் தடிமனாகவும் பல் போடும் அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்கணும். மெல்லிசு பிளேடு மாட்டினால் பழைய தகடு உள்ளே நுழையாமல் பலகை பாதியிலேயே முட்டி நிற்கும், அப்போதும் தகடைத்தான் மாற்றணும்.

அப்புறம், குறுக்கே அறுக்க மைட்டர் கேஜ் (டேபிள் பள்ளத்தில் ஓடி பலகையைக் கோணம் மாறாமல் தள்ளும் சட்டம்) போட்டால் ஃபென்ஸை, அதாவது பிளேடுக்குப் பக்கவாட்டில் பலகை ஒட்டி ஓடும் தடுப்பைத் தள்ளி வைத்துவிடுங்கள், அறுந்த துண்டு நடுவில் சிக்கக் கூடாது.

மஞ்சள் ஸ்டிக்கைத் தூக்கிப் போடவில்லை. இடது கையில் அதைப் பிடித்து, பிளேடுக்கு முன்னாலேயே பலகையை ஃபென்ஸோடு ஒட்டி வைக்க இன்றும் அதுதான்.